பிரெஞ்சுப் போர்க்கப்பல்களில் யார் யாருடைய பெயர்கள், ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பிரிட்டிஷ் கடற்படை தன் பெரிய போர்க்கப்பல்களுக்கு ‘ட்ரெட்நாட்’, ‘வாரியர்’ என்று மிரட்டலான பெயர்களை வைத்தபோது, பிரான்ஸ் மட்டும் ஏன் வால்டேர், திதரோ என்று எழுத்தாளர்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றியது? யார் அந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? அந்தக் கப்பல்கள் என்ன ஆயின?

பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மன்னர் காலத்தில் மன்னரும் அவருடைய அமைச்சரும் வைத்தார்கள். குடியரசு வந்த பிறகு கடற்படை அமைச்சர் வைத்தார். அவர் பெரும்பாலும் கடலைப் பார்த்து வளர்ந்தவர் அல்ல, நாடாளுமன்றத்தில் ஏதோ ஓர் அணியின் ஆள். 1789-க்குப் பிறகு நூறு ஆண்டுக்குள் அந்த நாட்டில் முடியாட்சி, குடியரசு, நெப்போலியன் பேரரசு, மறுபடி முடியாட்சி, மறுபடி குடியரசு, இன்னொரு நெப்போலியன், மூன்றாவது குடியரசு என்று மாறிக்கொண்டே இருந்தது. ‘உண்மையான பிரான்ஸ் எது’ என்ற சண்டை ஓயவே இல்லை. அந்தச் சண்டையில் ஜெயித்தவர்கள் தங்கள் பக்கத்து ஆட்களின் பெயரைக் கப்பலில் எழுதினார்கள். ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறுவது நமக்குப் புதிதா என்ன! அங்கே அந்தப் பலகை பல ஆயிரம் டன் எடையில் மிதந்தது, அவ்வளவுதான்.

பதினான்காம் லூயி காலத்தில் குழப்பமே இல்லை. மன்னரின் சின்னம் சூரியன், ஆகவே முதன்மைக் கப்பலின் பெயர் ‘சொலெய் ருவயால்’, அரச சூரியன். அது 1692-ல் ஷெர்பூர் கரையோரம் ஆங்கிலேயர் தீமூட்டி ஏவிவிட்ட தீக்கப்பலால் எரிந்துபோனது. அடுத்த நூற்றாண்டில் ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுக் கடற்படை சிதைந்தபோது, ஷுவாசேல் என்ற அமைச்சர் புதுவழி கண்டுபிடித்தார். மாகாணங்களும் நகரங்களும் வணிகர் சங்கங்களும் நன்கொடையாகக் கப்பல் கட்டித் தரலாம் என்றார். கொடுத்தவர் பெயர் கப்பலுக்கு வந்தது: பாரிஸ் நகரம் கொடுத்தது ‘வில் தெ பாரி’, பிரத்தாஞ் மாகாணம் கொடுத்தது ‘பிரத்தாஞ்’. மாகாணப் பெயர்கள் கடற்படையில் வேரூன்றியதில் இந்த வசூலுக்குப் பெரிய பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டிலும் அந்தப் பெயர்கள் திரும்ப வருவதைப் பார்ப்போம்.

1789-ல் புரட்சி வந்ததும் பெயர்களைத் துடைத்து எழுதும் வேலை மும்முரமாக நடந்தது. 1790-ல் நீரில் இறங்கிய ஒரு 118 பீரங்கிக் கப்பலின் கதை சுவாரசியமானது. பர்கண்டி மாகாண சபையின் நன்கொடை என்பதால் ‘எத்தா தெ பூர்கோஞ்’ என்று ஆரம்பித்தது. மாகாண சபைகளே ஒழிக்கப்பட்டன, ஆகவே 1793-ல் ‘கோத் தோர்’ என்று மாறியது. அதே ஆண்டு, ஜாக்கோபின் தீவிரர்கள் மேலோங்கியதும் அவர்கள் அணியின் பெயரான ‘மோந்தாஞ்’. 1795-ல் அவர்கள் வீழ்ந்ததும் சில நாட்களுக்கு ‘பெப்ள்’, அதாவது மக்கள். கடைசியில் யாருக்கோ சலிப்பு வந்திருக்க வேண்டும். ‘ஓசேயன்’, சமுத்திரம், என்று வைத்து விட்டுவிட்டார்கள். சமுத்திரத்துக்குக் கட்சி கிடையாது. அந்தப் பெயர் நிலைத்தது. பட்டத்து இளவரசர் பெயரில் இறங்கிய ‘தொஃபேன் ருவயால்’ என்ற கப்பல், பாரிஸ் தெருவில் இறங்கிய உழைப்பாளிகளின் பெயரில் ‘சான் கியூலோத்’ ஆகி, பிறகு ‘ஓரியான்’ ஆகி, 1798 ஆகஸ்ட் 1 இரவில் எகிப்தின் அபுகீர் விரிகுடாவில் ஆங்கிலேய அட்மிரல் நெல்சனுடன் நடந்த சண்டையில் வெடித்துச் சிதறியது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ‘சுஃப்ரேன்’ என்ற பெயரில் 1791-ல் பிரெஸ்ட் துறைமுகத்தில் இறங்கிய 74 பீரங்கிக் கப்பலை 1795-ல் ‘ரெதூத்தாப்ள்’ என்று மாற்றினார்கள். 1805-ல் டிரஃபல்கரில் நெல்சனைச் சாய்த்த துப்பாக்கிக் குண்டு வந்தது அந்தக் கப்பலின் பாய்மரத் தட்டிலிருந்துதான். சுஃப்ரேன் பெயர் மாறாமல் இருந்திருந்தால், இந்தியக் கடலில் ஆங்கிலேயரைத் திணறடித்தவரின் பெயரே நெல்சனின் சாவிலும் ஒட்டியிருக்கும். சுஃப்ரேன் யார் என்று பின்னால் சொல்கிறேன். அவர் கதை நம் கரையில் நடந்தது.

பாய்மரம் போய் நீராவி வந்தும் வழக்கம் போகவில்லை. உலகில் நீராவிப் பேட்டில்ஷிப்பாகவே, அதாவது பெரும் பீரங்கிகள் தாங்கிய முதல்வரிசைப் போர்க்கப்பலாகவே, திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதல் கப்பல், துப்யூய் தெ லோம் வடிவமைத்த ‘நெப்போலியன்’. 1848 பிப்ரவரி தொடக்கத்தில் அடித்தளம் போட்டபோது மன்னரின் மகன் பெயரில் ‘பிரேன்ஸ் தெ ழுவான்வில்’. அதே மாதம் புரட்சி வெடித்து மன்னர் ஓடிப்போனார். கப்பல் ‘பிப்ரவரி 24’ ஆனது. 1850-ல் நீரில் இறங்கும்போது நெப்போலியனின் தம்பி மகன் குடியரசுத் தலைவர், கப்பல் ‘நெப்போலியன்’. இரண்டே ஆண்டில், இன்னும் கடலையே பார்க்காத ஒரு மரக்கூடு மூன்று அரசியலைப் பார்த்துவிட்டது.

1870-க்குப் பிறகு வந்த மூன்றாம் குடியரசு ஆரம்பத்தில் பெயர் விஷயத்தில் தாராளமாகத்தான் இருந்தது. 1890-களின் பேட்டில்ஷிப் வரிசையைப் பாருங்கள்: ரோமைச் சூறையாடிய கோல் இனத் தலைவர் ‘பிரென்னஸ்’, அரபுப் படையைத் தடுத்த ‘ஷார்ல் மார்தெல்’, பேரரசர் ‘ஷார்லமாஞ்’, சிலுவைப்போருக்குப் போய்த் துனிஸில் இறந்த ஒன்பதாம் லூயியின் பெயரில் ‘சேன் லூயி’, நெப்போலியனின் தளபதி ‘மசேனா’, புரட்சிப் படைத்தலைவர் ‘ஹோஷ்’. ராஜாவும் வேண்டும், புரட்சியும் வேண்டும் என்ற போக்கு. கப்பல்களும் அப்படியே, ஒன்று போல் இன்னொன்று இல்லை. ‘மாதிரிகளின் கடற்படை’ என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்கள். ஹோஷ் கப்பலின் மேல்கட்டு அடுக்கடுக்காக உயர்ந்திருந்ததால் அதற்கு ‘கிராண்ட் ஹோட்டல்’ என்று பட்டப்பெயர்.

‘யேனா’ கப்பலைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1806-ல் பிரஷ்யர்களை நெப்போலியன் நொறுக்கிய போர்க்களத்தின் பெயர் அது. பாரிஸில் அதே பெயரில் ஒரு பாலம் உண்டு. 1815-ல் பாரிஸுக்குள் வந்த பிரஷ்யத் தளபதி புளூஹர் அதை வெடிவைத்துத் தகர்க்கத் துடித்தார், முடியவில்லை. கப்பலைத் தகர்க்க எதிரி தேவைப்படவில்லை. 1907 மார்ச் 12 அன்று தூலோன் துறைமுகத்தில் உலர்துறையில் நிற்கும்போதே அதன் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஏறத்தாழ 120 பேர் இறந்தார்கள். உலர்துறைக்குள் தண்ணீர் விட்டால் தீ அடங்கும். ஆனால் மதகைத் திறக்க ஆளில்லை. பக்கத்தில் நின்ற ‘பாத்ரி’ கப்பல் மதகைக் குறிவைத்துச் சுட்டது, குண்டு பட்டுத் தெறித்துப் போனது. கடைசியில் ரூ என்ற இளம் அதிகாரி கையாலேயே மதகைத் திறந்தார். அடுத்து வந்த வெடிச் சிதறலில் அவரும் இறந்தார். காரணம், ‘பி மருந்து’ என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் புகையில்லா வெடிமருந்து. பழசானால் தானாகவே சிதைந்து சூடேறும் குணம் அதற்கு.

பாடம் படித்தார்களா? இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவிரக் குடியரசுவாதிகளின் கை ஓங்கிய காலத்தில் கப்பல் பெயர்கள் முழக்கங்களாகியிருந்தன: ரெப்யூப்ளிக், பாத்ரி, லிபெர்தே, ழ்யூஸ்தீஸ், வெரிதே, தெமோக்ராசி. அதாவது குடியரசு, தாய்நாடு, சுதந்திரம், நீதி, உண்மை, ஜனநாயகம். 1911 செப்டம்பர் 25 காலை அதே தூலோனில், அதே வகை மருந்தால், ‘லிபெர்தே’ வெடித்தது. பக்கத்துக் கப்பல்களில் இருந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 300 பேர் செத்தார்கள். சுதந்திரத்திலிருந்து பறந்த 37 டன் கவசத் தகடு ஒன்று குடியரசின் மேல் போய் விழுந்து அதைச் சேதப்படுத்தியது. இதை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று நாமே சொல்லியிருப்போம். கிழிந்த இரும்புக் குவியல் 1925 வரை துறைமுகத்திலேயே கிடந்தது.

இப்போது நீங்கள் கேட்ட எழுத்தாளர்கள். பிரெஞ்சுக் கடற்படைக்கு இன்றும் ‘லா ருவயால்’ என்றுதான் செல்லப்பெயர், அரசருடையது என்று பொருள். அதிகாரிகளில் பலர் பழைய பிரபுக் குடும்பத்தினர், கத்தோலிக்கர், குடியரசைப் பெரிதாக மதிக்காதவர்கள். மாலுமிகளில் பெரும்பகுதி பிரத்தாஞ் கரையோரத்துப் பக்திமான்கள். 1905-ல் திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டம் வந்தது. அந்தச் சூட்டில்தான் 1906-க்குப் பிறகு தொடங்கிய ஆறு பேட்டில்ஷிப்களுக்கு டாண்டன், மிராபோ, வெர்னியோ, கொந்தோர்சே, வால்டேர், திதரோ என்று பெயர் வந்தது. எழுத்தாளர்கள் மேல் இருந்த ஆசையைவிட, ‘இது உங்கள் ராஜாவின் கடற்படை இல்லை’ என்று அந்த அதிகாரிகளுக்குத் தினமும் நினைவூட்டும் ஆசைதான் அதிகம் என்பது என் எண்ணம். ஜெபமாலையோடு வரும் ஒரு பிரத்தாஞ் பையன், தன் தொப்பியின் நாடாவில் ‘வால்டேர்’ என்று கட்டிக்கொண்டு திரிய வேண்டும்! இலகுவான, வேகமான போர்க்கப்பல்களான க்ரூஸர்களிலும் இதே கதை. இயேசுவை மனிதராக மட்டும் பார்த்து எழுதிய எர்னஸ்ட் ரெனானுக்கு அவர் பிறந்த பிரத்தாஞ் ஊரான த்ரேகியேயில், தேவாலயத்துக்கு எதிரிலேயே 1903-ல் பிரதமர் கோம்ப் சிலை திறந்தபோது கலவரம். மூன்று ஆண்டில் அவர் பெயரில் ஒரு க்ரூஸரும் இறங்கிவிட்டது.

ஆறு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேடிக்கை புரியும். வால்டேரும் திதரோவும் புரட்சிக்கு முன்பே இறந்தவர்கள். மற்ற நால்வர் புரட்சிக்காரர்கள்தான், ஆனால் ஒருவரை ஒருவர் விழுங்கியவர்கள். மிராபோ 1791-ல் இறந்ததும் பெரும் மரியாதையோடு, நாட்டின் பெரியவர்களுக்கான நினைவிடமான பாந்தியோனில் புதைக்கப்பட்டார். மன்னரிடம் ரகசியமாகப் பணம் வாங்கிய விஷயம் வெளிவந்ததும் 1794-ல் உடலைத் தோண்டி வெளியே போட்டார்கள். வெர்னியோ, புரட்சிக்கால நாடாளுமன்றமான மாமன்றத்தின் தலைவராக இருந்து மன்னருக்கு மரண தண்டனை என்று அறிவித்தவர். டாண்டன் முன்நின்று அமைத்த புரட்சித் தீர்ப்பாயம் 1793 அக்டோபரில் அதே வெர்னியோவின் தலையை வாங்கியது. ஐந்து மாதம் கழித்து, 1794 ஏப்ரல் 5 அன்று, டாண்டனும் அதே கில்லட்டினுக்குப் போனார். மரண தண்டனையே கூடாது என்ற கொந்தோர்சே தலைமறைவாக இருந்து பிடிபட்டு, சிறையில் இரண்டு நாளில் இறந்துகிடந்தார்.

இவர்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்த எப்படி மனம் வந்தது? அப்போது பிரதமர் கிளெமான்சோ. அவர் 1891-லேயே நாடாளுமன்றத்தில் முழங்கியிருந்தார்: புரட்சி என்பது ஒரே கட்டி, அதில் பிடித்ததை எடுத்துப் பிடிக்காததை விட முடியாது என்று. ஆனால் கப்பல் பெயரில் அவர் ஆட்களும் கொஞ்சம் பொறுக்கித்தான் எடுத்தார்கள். புரட்சியின் தீவிரத் தலைவர்களான ரோபஸ்பியர் இல்லை, மாரா இல்லை. மாரா பெயரில் ஒரு பேட்டில்ஷிப் உண்டு, பிரான்சில் அல்ல. 1921-ல் சோவியத்துகள் தங்கள் ‘பெத்ரோபாவ்லொவ்ஸ்க்’ கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இன்னொன்றுக்கு ‘பாரிஸ் கம்யூன்’.

கப்பல்களாக அவை பரிதாபமானவை. பிரிட்டனின் ட்ரெட்நாட் 1906-லேயே வந்துவிட்டது, பத்துப் பெரிய பீரங்கியோடு. நான்கு 305 மி.மீ., பன்னிரண்டு 240 மி.மீ. என்று கலப்படமாகப் பீரங்கி வைத்த டாண்டன் வகை, நீரில் இறங்கும்போதே பழசு. டாண்டன் கப்பலின் முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? 1911-ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்குப் போய் மரியாதை செலுத்தியது. மன்னரைக் கொல்ல வாக்களித்த டாண்டனின் பெயரோடு! 1917 மார்ச் 19 அன்று சார்டினியாவுக்குத் தென்மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கி யு-64 இரண்டு டார்பிடோ விட்டு அதை மூழ்கடித்தது. 296 பேர் இறந்தார்கள். அல்ஜீரியாவிலிருந்து இத்தாலிக்கு எரிவாயுக் குழாய் போடுவதற்காகக் கடலடியை ஆராய்ந்தவர்கள் கண்ணில் அது பட்டது; 2009-ல் செய்தி வெளியானது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே, நிமிர்ந்த நிலையில், பீரங்கிகளோடு அப்படியே நிற்கிறது.

மிராபோ 1919 பிப்ரவரியில் கிரிமியா கரையில் பனிப்புயலில் தரைதட்டியது. பாரத்தை இறக்கித்தான் மீட்டார்கள், அதன் பிறகு அது கடலுக்கு உதவவில்லை. வால்டேர் இரண்டு டார்பிடோ வாங்கியும் தப்பியது. நாடு முழுக்கப் பொதுக்கல்வி என்று 1792-ல் திட்டம் எழுதிய கொந்தோர்சேயின் பெயர் தாங்கிய கப்பல், இரண்டு உலகப் போருக்கும் நடுவே தூலோனில் பயிற்சிக் கப்பலாகிப் பள்ளிக்கூடம் போல் ஓடியது. இந்த ஆறில் பெயருக்கு உருப்படியாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

1909-ல் காற்று திசைமாறியது. பூவே தெ லாப்பேரேர் என்ற அட்மிரலே கடற்படை அமைச்சரானார். அடுத்த ஆண்டு தொடங்கிய முதல் பிரெஞ்சு ட்ரெட்நாட்டின் (பிரிட்டிஷ் ட்ரெட்நாட்டின் பாணியில், ஒரே அளவுப் பெரிய பீரங்கிகள் கொண்ட கப்பல்) பெயர் ‘கூர்பே’. 1884-ல் சீனாவின் ஃபூச்சோவில் சீனக் கப்பற்படையை அழித்த அட்மிரல் கூர்பே. அமைச்சர் இளம் வயதில் அவருக்குக் கீழே அதே சண்டையில் இருந்தவர். காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். தத்துவம் இறங்கியது, மாலுமி ஏறினார். கூர்பேக்குப் பிறகு ஜான் பார், பாரிஸ், ஃபிரான்ஸ். அடுத்த வரிசையில் பழைய நன்கொடைப் பெயர்களான பிரத்தாஞ், பிரொவான்ஸ், கூடவே லொரேன். லொரேனின் ஒரு பகுதி 1871 முதல் ஜெர்மனி கையில் இருந்தது. அந்தப் பெயரைப் பீரங்கிக் கப்பலில் எழுதியது யாருக்கான செய்தி என்று பெர்லினுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

ஃபிரான்ஸ் கப்பலுக்குச் சுருக்கமான, சோகமான வாழ்க்கை. 1914 ஜூலையில், போர் வெடிப்பதற்குச் சற்று முன், குடியரசுத் தலைவர் புவாங்கரேயை ரஷ்யாவுக்கு அழைத்துப் போனது அதுதான். 1919 ஏப்ரலில் செவாஸ்தபோலில், போல்ஷெவிக்குகளோடு சண்டை எங்களுக்கு வேண்டாம், வீட்டுக்கு அனுப்பு என்று அதன் மாலுமிகளும் ஜான் பார் மாலுமிகளும் கலகம் செய்து செங்கொடி ஏற்றினார்கள். 1922-ல் கிபெரோன் விரிகுடாவில், வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதி மூழ்கியது. கூர்பே நல்ல முடிவைப் பெற்றது: 1944 ஜூனில் நார்மண்டி கரையில் அலைதடுப்பாக நிற்கவைத்து மூழ்கடித்தார்கள். கொடி பறந்துகொண்டிருந்ததால், கப்பல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நம்பி ஜெர்மானியர்கள் அதன்மேல் தாக்குதலை வீணடித்தார்கள்.

சரி, சுஃப்ரேன். பியேர் அந்த்ரே தெ சுஃப்ரேன், பிரொவான்ஸ்காரர், மால்டா வீரர் சங்கத்தில் உயர்பட்டம் பெற்றவர், பருத்த உடம்பு, கடுகடுத்த வாய். 1782 பிப்ரவரியில் மேலதிகாரி இறந்ததால் இந்தியக் கடலின் பிரெஞ்சுப் படை அவர் கைக்கு வந்தது. அப்போது புதுச்சேரி, நாகப்பட்டினம், திருகோணமலை மூன்றும் ஆங்கிலேயர் வசம். கப்பலை இழுத்துப் பழுதுபார்க்க ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. பதினாறு மாதத்தில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸோடு ஐந்து சண்டை போட்டார்: சதுரங்கப்பட்டினம், இலங்கைக் கிழக்குக் கரையில் ப்ரொவிடியன் என்ற சிறு தீவுக்கு அருகே, நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாக 1783 ஜூன் 20 அன்று கடலூர். உடைந்த பாய்மரங்களுக்குச் சின்னக் கப்பல்களின் மரத்தைக் கழற்றிப் பெரியவற்றில் நட்டார். 1782 ஜூலையில் கடலூரில் ஹைதர் அலியைச் சந்தித்தார். ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்து, மூன்று நாள் தாமதமாக வந்த ஹியூஸை அதே துறைமுகத்திலிருந்து எதிர்கொண்டார். கடலூரில் 15 கப்பலோடு 18 கப்பலைத் துரத்தினார். பிறகுதான் ஐரோப்பாவில் மாதக்கணக்கில் முன்பே சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்தது. ஐந்து சண்டையிலும் இரு பக்கமும் ஒரு பெரிய கப்பலைக்கூடப் பிடிபடவோ மூழ்கவோ விடவில்லை. ஆனாலும் பிரெஞ்சுக் கடற்படைக்கு அவர்தான் குலதெய்வம். ஏனென்றால் அதே 1782 ஏப்ரல் 12 அன்று, அவர் ப்ரொவிடியனில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே நாளில், மேற்கிந்தியத் தீவுகளில் அட்மிரல் தெ கிராஸ் தோற்று, பாரிஸ் மக்கள் நன்கொடையில் கட்டிய ‘வில் தெ பாரி’யோடு பிடிபட்டார்.

சுஃப்ரேனின் பெயர் தாங்கிய பேட்டில்ஷிப் 1899-ல் இறங்கியது. 1915 மார்ச் 18 அன்று டார்டனெல்ஸ் நீரிணைக்குள் சுஃப்ரேன், பூவே, கோலுவா, ஷார்லமாஞ் நான்கும் நுழைந்தன. பூவே கண்ணிவெடியில் மோதி இரண்டே நிமிடத்தில் கவிழ்ந்து 600-க்கும் மேற்பட்டவர்களோடு போனது. சுஃப்ரேன் அடிவாங்கித் தப்பியது. மறுஆண்டு நவம்பர் 26 அன்று பழுதுபார்க்கத் தனியாக ஊர் திரும்பும் வழியில், லிஸ்பனுக்கு அப்பால் யு-52 விட்ட ஒரே டார்பிடோவில் அதன் கிடங்கு வெடித்தது. 648 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

1930-களில் கட்டியவை கடைசித் தலைமுறை. டன்கிர்க், ஸ்ட்ராஸ்பூர்க், ரிஷலியூ, ஜான் பார். முதல் இரண்டும் நகரங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் 1918-ல் ஜெர்மனியிடமிருந்து மீட்ட நகரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1940 ஜூலை 3 அன்று, பிரான்ஸ் சரணடைந்த பிறகு, கப்பல்கள் ஹிட்லர் கைக்குப் போய்விடக் கூடாது என்று நேற்று வரை நண்பர்களாக இருந்த பிரிட்டிஷாரே அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபீரில் சுட்டார்கள். பிரத்தாஞ் வெடித்துக் கவிழ்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர், அவர்களில் பலர் பிரத்தாஞ் மாகாணத்துப் பிள்ளைகள். ஸ்ட்ராஸ்பூர்க் மட்டும் புகைக்குள் தப்பித் தூலோன் சேர்ந்தது. 1942 நவம்பர் 27 அன்று ஜெர்மானியர் தூலோனுக்குள் நுழைந்தபோது அதையும் டன்கிர்க்கையும் பிரொவான்ஸையும் சொந்த மாலுமிகளே மூழ்கடித்தார்கள். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிரிட்டிஷாரோடு நடந்த பேச்சுவார்த்தையால் பிழைத்த லொரேன் மட்டும் 1944-ல் தென் பிரான்சில் ஜெர்மானியர் மேல் குண்டு பொழிந்தது.

ரிஷலியூ, திருச்சபையைப் பிரித்த அதே குடியரசு தன் மிகப் பெரிய கப்பலுக்கு வைத்த கர்தினால் பெயர். முரண்தான், ஆனால் 1626 முதல் கடற்படையை ஒரு நிரந்தர அமைப்பாகக் கட்டியது அவர்தான் என்பதால் இடதுசாரிகளாலும் தட்ட முடியவில்லை. அந்தக் கப்பல் 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் கீழைக் கடற்படையோடு சேர்ந்து நங்கூரமிட்ட இடம் திருகோணமலை. அங்கிருந்து போய் ஜூலையில் சுமாத்ராவின் சாபாங்கில் ஜப்பானியர் மேல் சுட்டது. சுஃப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த துறைமுகத்தில், 162 ஆண்டு கழித்து ஒரு பிரெஞ்சுப் பேட்டில்ஷிப் ஆங்கிலேயரின் விருந்தாளி.

என்னைக் கேட்டால், பெயருக்கு மிகவும் பொருத்தமாக வாழ்ந்தது ஜான் பார்தான். அந்த மனிதர் 1650-ல் டன்கிர்க்கில் பிறந்தவர், ஃபிளெமிஷ் பேசும் மீனவ மாலுமிக் குடும்பம். இளமையில் டச்சுக் கடற்படையில் வேலை பார்த்தார்; பிறகு பிரான்சுக்காக அனுமதி பெற்ற கடற்கொள்ளையர். 1689-ல் ஆங்கிலேயர் பிடித்துப் பிளிமத்தில் அடைத்தார்கள். ஃபோர்பேன் என்ற சக கேப்டனோடு தப்பி, ஒரு சின்னப் படகில் துடுப்பு வலித்தே கால்வாயைக் கடந்து சேன் மாலோ பக்கம் கரையேறினார். 1694-ல் பிரான்ஸ் பஞ்சத்தில் துடித்தபோது, டச்சுக்காரர்கள் வழிமறித்துப் பிடித்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தானியக் கப்பல்களைச் சண்டையிட்டு மீட்டுக் கொண்டுவந்தார். பதினான்காம் லூயி அவரைப் பிரபுவாக்கினார். சோறு கொண்டுவந்தவன் என்பதால் ராஜபக்தனும் கொண்டாடினான், ஜாக்கோபினும் கொண்டாடினான்.

ட்ரெட்நாட் ஜான் பார் 1914 டிசம்பரில் ஆஸ்திரிய நீர்மூழ்கியிடம் டார்பிடோ வாங்கியது. குண்டு பட்டது மாலுமிகளின் ஒயின் கிடங்கில், சற்றே தள்ளிப் பட்டிருந்தால் வெடிமருந்துக் கிடங்கு. புதுக்கப்பலுக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டதால் 1937-ல் பழையதை ‘ஓசேயன்’ ஆக்கினார்கள், பழைய புரட்சிக்காலச் சமாளிப்பு மறுபடியும். புது ஜான் பார் 1940 ஜூனில் சேன் நஸேரில் முக்கால்வாசிதான் முடிந்திருந்தது. இரண்டு பீரங்கிக் கோபுரத்தில் ஒன்றுதான் பொருத்தியிருந்தது, இயந்திரம் ஒருமுறைகூடக் கடலில் ஓடிப் பார்த்ததில்லை. ஜெர்மன் படை நெருங்கிக்கொண்டிருந்தது. துறையிலிருந்து வெளியே வர அவசரமாகத் தூர்வாரி ஓர் ஒடுங்கிய கால்வாய் வெட்டினார்கள். ஜூன் 19 அதிகாலை, பெருக்குநீர் இருக்கும் சில மணி நேரத்துக்குள், கேப்டன் ரொனார்க் அதை இழுவைப் படகுகளால் இழுத்து, தரைதட்டி, மீண்டு, விமானக் குண்டு ஒன்றையும் வாங்கிக்கொண்டு காசாபிளாங்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிளிமத் படகுக்காரனின் பெயருக்கு இதைவிட என்ன வேண்டும்! 1942-ல் அங்கே இறங்கிய அமெரிக்கர்களோடு சண்டை, ‘மாசசூசெட்ஸ்’ கப்பலின் குண்டுகள், துறைமுகத் தரையில் அமர்ந்தது. போருக்குப் பிறகு கட்டி முடித்து, 1956 சூயஸ் சண்டையில் சில குண்டுகள் மட்டும் சுட்டது. 1970-ல் உடைக்கப் போனது. பிரான்சின் கடைசிப் பேட்டில்ஷிப் அதுதான்.

பெயர்ச் சண்டை மட்டும் தொடர்ந்தது. இப்போதுள்ள அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலுக்கு 1986-ல் குடியரசுத் தலைவர் மித்தெரான் தேர்ந்தெடுத்த பெயர் ரிஷலியூ. மறுஆண்டே பிரதமர் ஷிராக் அதை ‘ஷார்ல் தெ கோல்’ என்று மாற்றினார். அதற்கு முந்தைய ‘கிளெமான்சோ’ விமானந்தாங்கியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006-ல் குஜராத்தின் அலாங்கில் உடைக்க வந்து, ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் திரும்பிப் போனது அதுதான். புதிய அணு நீர்மூழ்கிகளில் அரசியல்வாதி ஒருவரும் இல்லை: முதலாவது, 2019-ல் வெளிவந்த சுஃப்ரேன், அடுத்து துகே த்ரூவேன், தூர்வில், தெ கிராஸ். ஆம், பிடிபட்ட அதே தெ கிராஸ்தான். தோற்பதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஆங்கிலேயரைத் தடுத்து நிறுத்தி, அமெரிக்க விடுதலைப் போரையே முடிவுக்குக் கொண்டுவந்த கணக்கு அவர் பெயரில் இருக்கிறதே.